எட்டு போட்டு முடித்த பிறகு: பைக் ஓட்டும் திறனை முறையாக வளர்க்கும் பயிற்சி

ஆர்டிஓ ஆபீஸில் எட்டு போட்டுக் காட்டினால் லைசென்ஸ் கிடைத்துவிடும். கால் ஊன்றாமல் வண்டியை மெதுவாகத் திருப்ப முடிகிறதா என்பதை மட்டும்தான் அந்தச் சோதனை பார்க்கிறது. 50 கி.மீ. வேகத்தில் போகும்போது குறுக்கே நாய் ஓடினால் எத்தனை மீட்டரில் நிற்பீர்கள், மழையில் முன் பிரேக்கை எவ்வளவு பிடிக்கலாம், வளைவு நினைத்ததைவிட இறுகினால் கை என்ன செய்யும் என்பதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. அதன்பின் பத்து வருடம் ஓட்டினாலும் கை பழகுவது அன்றாட பிரேக்குக்கும் அன்றாட வளைவுக்கும் மட்டுமே. ஆபத்து வரும் அந்த இரண்டு விநாடியில் புதிதாக யோசிக்க நேரம் இருக்காது. கை எதற்குப் பழகியிருக்கிறதோ அதைத்தான் செய்யும். அந்தப் பழக்கத்தை ஆளில்லாத இடத்தில், குறைந்த வேகத்தில், திரும்பத் திரும்பச் செய்துதான் உண்டாக்க முடியும்.

கீழே உள்ள பயிற்சிகள் ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவர்களுக்கானவை. 100 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளை மனதில் வைத்து எழுதியவை. ஸ்கூட்டருக்கு முறை மாறும் இடங்களில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

முதலில் வண்டி

தேய்ந்த டயரிலும் தொளதொளத்த பிரேக்கிலும் பயிற்சி செய்தால் கை தவறான அளவையே கற்றுக்கொள்ளும். ஆகவே தொடங்கும் முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

டயரில் காற்று: வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். அளவு செயின் கவர் அருகே உள்ள ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். பல 100–150 சிசி வண்டிகளில் முன்னே 25 பிஎஸ்ஐ, பின்னே தனியாக ஓட்ட 28 அல்லது அதற்குச் சற்று மேல் என்று இருக்கும். பங்க்கில் கேட்காமலே 35, 40 என்று அடித்துவிடுவார்கள். அப்படி அடித்தால் டயர் சாலையைத் தொடும் பரப்பு சுருங்கும், ஈரத்தில் பிடிப்பு குறையும். டயர் பள்ளங்களுக்குள் இருக்கும் சின்ன மேடு, அதாவது தேய்மான அடையாளம், மேல் ரப்பரோடு சமமாகிவிட்டால் டயரை மாற்றிவிட்டே பயிற்சிக்கு வாருங்கள்.

பிரேக்: டிரம் பிரேக்கில் லீவரை 1 முதல் 2 செ.மீ. இழுத்ததும் பிடிக்கத் தொடங்க வேண்டும். டிஸ்க் பிரேக்கில் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது அல்லது பிரேக் ஆயில் மாற்ற வேண்டியிருக்கிறது என்று பொருள்.

கிளட்ச் லீவரில் 1 முதல் 1.5 செ.மீ. தளர்வு வேண்டும். செயின் நடுப்பகுதியில் மேலும் கீழும் 2 முதல் 3 செ.மீ. ஆட வேண்டும். இதைவிடத் தொங்கினால் ஆக்சிலரேட்டரைத் திருகும்போதெல்லாம் வண்டி வெட்டி இழுக்கும். மெதுவாக ஓட்டும் பயிற்சியே கைகூடாது. கடைசியாக, லீவர்களின் கோணம். கையை நீட்டி விரல்களை வைத்தால் முன்கையும் விரலும் ஒரே கோட்டில் வர வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் லீவர் தேவைக்கு மேல் தூக்கியே இருக்கும். ஸ்பேனரால் கிளாம்பைத் தளர்த்திச் சற்றுக் கீழே இறக்கினால் மணிக்கட்டு வலியும் போகும், பிரேக்குக்கு விரல் சீக்கிரமும் போகும்.

ஹெல்மெட் ஐஎஸ் 4151 என்ற எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக இருக்கட்டும். வாரை மாட்டியபின் பின்பக்கம் பிடித்து முன்னே தள்ளிப் பாருங்கள். தலையை விட்டுக் கழன்று வந்தால் அது உங்கள் அளவு இல்லை. முழங்கால், முழங்கை பேடுகள், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ எல்லாம் பயிற்சிக்கு அவசியம். 15 கி.மீ. வேகத்தில் விழுந்தாலும் உள்ளங்கைதான் முதலில் தரையில் உரசும்.

இடமும் அடையாளங்களும்

70, 80 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் உள்ள தார் அல்லது கான்கிரீட் தரை போதும். ஊருக்கு வெளியே வீடு கட்டாத புது லேஅவுட் சாலைகளும், விடுமுறை நாளில் கல்லூரி வாகன நிறுத்துமிடங்களும் இதற்கு ஏற்றவை. உரியவரிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கியதும் முதல் வேலை நடந்தே முழு இடத்தையும் பார்ப்பது. மணலும் ஜல்லியும் கிடந்தால் துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். பிரேக் பயிற்சியில் ஒரு கைப்பிடி மணலே வண்டியைப் படுக்க வைத்துவிடும்.

எல்லைகளுக்கு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் கால்வாசி மணல் போட்டு நிறுத்துங்கள். கோடு போடச் சுண்ணாம்புத் தூள். கல்லையும் செங்கல்லையும் அடையாளமாக வைக்கவே கூடாது, ஏறினால் விழுவீர்கள். தூரத்தை டேப் வைத்து அளந்துவிடுவது நல்லது. அளக்கும் வேலைக்கும் கை காட்டவும் ஒருவர் கூட இருக்கட்டும்; அடிபட்டால் உதவவும் ஆள் வேண்டும்.

உட்காரும் விதமும் பார்வையும்

முழங்கால்களால் டேங்க்கை லேசாக இறுக்கிப் பிடியுங்கள். உடல் எடையை கால்களும் இடுப்பும் தாங்க வேண்டும். கைகள் ஹேண்டில்பாரில் தொங்கக் கூடாது. முழங்கை சற்று மடங்கி, தோள் தளர்ந்து இருக்க வேண்டும். ஓடும்போதே சிறகடிப்பது மாதிரி முழங்கைகளை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்ட முடியவில்லை என்றால் இறுகப் பிடித்திருக்கிறீர்கள். பாதத்தின் முன்பகுதி ஃபுட்ரெஸ்ட்டில் இருக்கட்டும், விரல் நுனி வெளியே விரிந்து தொங்க வேண்டாம்.

பார்வை போகும் இடத்துக்கே வண்டி போகும். பள்ளத்தை முறைத்துப் பார்த்தபடி போகிறவர் அந்தப் பள்ளத்திலேயே விழுவதற்குக் காரணம் இதுதான். பள்ளத்தைப் பார்த்ததும் கண்ணை உடனே அதன் பக்கத்து நல்ல தரைக்கு மாற்றப் பழக வேண்டும். இதை இன்றே, எந்த மைதானமும் இல்லாமல், வீட்டுத் தெருவிலேயே பழகத் தொடங்கலாம்.

மெதுவாக ஓட்டுதல்

வேகமாக ஓட்ட எல்லோருக்கும் வரும். வேகம்தான் வண்டியை நிமிர்த்திப் பிடிக்கிறது. நடை வேகத்தில் ஓட்டும்போதுதான் கிளட்ச், ஆக்சிலரேட்டர், பின் பிரேக் மூன்றும் தனித்தனியாகக் கைக்குப் பிடிபடும்.

60 செ.மீ. அகலம், 15 மீட்டர் நீளத்துக்கு இரண்டு கோடுகள் போடுங்கள். முதல் கியரில் ஹாஃப் கிளட்ச்சில் உள்ளே நுழையுங்கள். இன்ஜின் சத்தம் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருக்கட்டும். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இடது கை கிளட்ச்சின் வேலை. வலது கால் பின் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே இருக்கட்டும். இன்ஜின் முன்னே தள்ள, பிரேக் பின்னே இழுக்க, வண்டி ஆட்டமில்லாமல் நிமிர்ந்து நிற்கும். பார்வை கோட்டின் முடிவுக்கும் அப்பால். தொடக்கத்தில் 15 மீட்டரைக் கடக்க ஏழு எட்டு விநாடி எடுக்கும். கால் ஊன்றாமல், கோட்டைத் தொடாமல் 15 விநாடி எடுத்துக்கொள்ள முடிந்தால் இந்தப் பாடம் முடிந்தது.

ஹாஃப் கிளட்ச்சிலேயே நெடுநேரம் ஓட்டினால் கிளட்ச் சூடேறும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை இன்ஜினை அணைத்து 10 நிமிடம் ஆறவிடுங்கள்.

ஸ்கூட்டரில் கிளட்ச் லீவர் இல்லை. ஆக்சிலரேட்டரை முழுதாக மூடினால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள பிடி விட்டுப்போய் வண்டி தள்ளாடும். அதனால் ஆக்சிலரேட்டரை மிக லேசாகத் திறந்தே வைத்து, இடது கை பின் பிரேக்கால் மட்டும் வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள்.

அடுத்து யூ டர்ன். 7 மீட்டர் அகலக் கட்டம் ஒன்று போட்டு அதற்குள் திரும்புங்கள். கைகூடியதும் 6 மீட்டர், பிறகு 5.5. இரண்டு பக்கமும் பழக வேண்டும், பலருக்கு வலது பக்கம்தான் வராது. திரும்பத் தொடங்கும்போதே முகவாய் தோளுக்கு மேல் வரும்படி தலையை முழுதாகத் திருப்பி, வெளியேறும் இடத்தைப் பாருங்கள். வண்டியை உள்பக்கம் சாய்த்து உடலை வெளிப்பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பயிற்சியில் விழுபவர்கள் இரண்டு காரணத்தால் விழுகிறார்கள். ஒன்று, பாதி திருப்பத்தில் பயந்து கிளட்ச்சை முழுதாகப் பிடித்துவிடுவது. தள்ளும் விசை போனதும் வண்டி சாய்ந்த பக்கமே விழும். மற்றது, ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடுவது. ஆகவே யூ டர்ன் பழகும்போது வலது கை விரல் நான்கையும் ஆக்சிலரேட்டரிலேயே சுற்றி வையுங்கள்.

பிரேக்: இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்

முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுந்துவிடுவோம் என்ற பயம் நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. அதனால் பின் பிரேக்கை மட்டும் மிதித்து ஓட்டுபவர்கள் ஏராளம். உண்மையில் நிற்கும் வலிமையில் ஏறத்தாழ 70 சதவீதம் முன் சக்கரத்தில் இருக்கிறது. பிரேக் பிடித்ததும் எடை முன்னே சாய்கிறது. முன் டயர் சாலையில் அழுந்தி அதன் பிடிப்பு கூடுகிறது. அதே நேரம் பின் டயர் லேசாகி எளிதில் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது. எடை முன்னே வந்து சேர ஒரு கண நேரம் தேவை. அதற்கு முன்பே லீவரை வெடுக்கென்று இழுப்பதால்தான் முன் சக்கரம் பூட்டிக்கொண்டு விழுகிறார்கள். ஆக, பயப்பட வேண்டியது அந்த வெடுக்கென்ற இழுப்புக்குத்தான்.

எலுமிச்சம்பழம் பிழிவது மாதிரி பிடிக்க வேண்டும்: முதலில் மெல்லத் தொட்டு, முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்) அமுங்குவதை உணர்ந்தபின் மேலும் மேலும் இறுக்குவது. டிஸ்க் பிரேக்குக்கு இரண்டு விரல் போதும்; டிரம்முக்கு நான்கும் தேவைப்படும்.

படிப்படியாக இப்படிச் செய்யுங்கள்:

1. 20 கி.மீ. வேகத்தில் நேர்க்கோட்டில் வந்து, முன் பிரேக் மட்டும் பிடித்து மென்மையாக நில்லுங்கள். நிற்கும் கடைசிக் கணத்தில் லீவரைச் சற்றுத் தளர்த்தினால் வண்டி முன்னே குத்திப் பின்னே உதைக்காது. ஒரு பத்து முறையாவது செய்யுங்கள்.

2. அதே வேகத்தில் பின் பிரேக் மட்டும். எவ்வளவு தூரம் கூடுதலாக ஓடுகிறது என்பதை அளந்து வையுங்கள். இந்த ஒரு அளவு போதும், பின் பிரேக்கை மட்டும் நம்பும் பழக்கம் விட்டுப்போகும்.

3. இரண்டும் சேர்த்து, 30 கி.மீ. வேகத்தில். ஒரு பாட்டிலை அடையாளமாக வைத்து, முன் சக்கரம் அதைத் தாண்டும் கணத்தில் பிரேக். நின்ற இடத்தை அளங்கள். 9 மீட்டரில் தொடங்குவீர்கள். நல்ல டயரும் டிஸ்க்கும் இருந்தால் 6 மீட்டருக்கு வர முடியும்.

4. இதே பயிற்சி 40 கி.மீ. வேகத்தில். இலக்கு 10 முதல் 11 மீட்டர். நிற்பதற்குள் கிளட்ச்சைப் பிடித்து முதல் கியருக்கு இறக்கியிருக்க வேண்டும். பின்னால் வரும் லாரி நிற்காவிட்டால் உடனே விலகிப் போக அது தேவைப்படும்.

5. உதவிக்கு வந்தவர் ஓரமாக, உங்கள் பாதைக்கு வெளியே நிற்கட்டும். அவர் எப்போது கையைத் தூக்குவார் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. கை தூக்கியதும் பிரேக். முன்பு அளந்த தூரத்தைவிட எவ்வளவு கூடுகிறதோ அது உங்கள் மூளையும் கையும் எடுத்துக்கொள்ளும் தாமதம்.

அந்தத் தாமதம்தான் பலரும் கணக்கில் சேர்க்காதது. சாலையில் எதிர்பாராமல் வரும் ஆபத்துக்கு ஒரு விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டு, நல்ல காய்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடிப்பவருக்கான கணக்கு இது. 40 கி.மீ. வேகத்தில் தாமதத்துக்கு 11 மீட்டர், பிரேக்குக்கு 10 மீட்டர், மொத்தம் 21. 60 கி.மீ. வேகத்தில் 17 கூட்டல் 23, மொத்தம் 40. 80 கி.மீ. வேகத்தில் 22 கூட்டல் 41, மொத்தம் 63 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகிறது என்பதைக் கவனியுங்கள். கூட்டம் உள்ள இடத்தில் இரண்டு விரலைப் பிரேக் லீவரின் மேலேயே வைத்து ஓட்டினால் தாமதத்தில் ஒரு பகுதியைக் குறைக்கலாம்.

சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன செய்வது? முன் சக்கரம் பூட்டினால் அந்தக் கணமே லீவரை விட்டு, மறுபடி மென்மையாகப் பிடிக்க வேண்டும். பின் சக்கரம் பூட்டி வண்டி நேராகவே போனால் மிதியைத் தளர்த்தலாம். ஆனால் வால் ஏற்கெனவே பக்கவாட்டில் ஒதுங்கிவிட்டது என்றால் மிதியை விடவே கூடாது, நிற்கும்வரை மிதித்தபடியே பார்வையை நேரே வையுங்கள். கோணலாக இருக்கும்போது விட்டால் டயருக்குத் திடீரென்று பிடிப்பு வந்து, வண்டி மறுபக்கம் வெட்டி ஓட்டுபவரைத் தூக்கி எறிந்துவிடும்.

2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, புதிய வண்டிகளில் 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, கட்டாயமானது. அதற்குக் கீழே சிபிஎஸ் அல்லது ஏபிஎஸ். சிபிஎஸ் என்றால் பின் பிரேக்கைப் பிடிக்கும்போது முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும். ஓரளவுதான், முன் லீவரையும் தனியாகப் பிடித்தே ஆக வேண்டும். விலை குறைந்த பல வண்டிகளில் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டுமே உண்டு, பின் சக்கரம் வழக்கம்போலப் பூட்டும். ஏபிஎஸ் வேலை செய்யும்போது லீவர் விரலில் துடிக்கும். அந்தத் துடிப்புக்குப் பயந்து பிரேக்கை விட்டுவிடுபவர்கள் உண்டு. அதனால் மைதானத்திலேயே 30 கி.மீ. வேகத்தில் அதைத் துடிக்கவைத்துப் பழகிவிடுங்கள். துடித்தாலும் பிடியைத் தளர்த்தக் கூடாது.

வளைவும் விலகலும்

சுமார் 20, 25 கி.மீ. வேகத்துக்கு மேல் வண்டி திரும்புவது ஹேண்டிலைத் திருப்புவதால் அல்ல, சாய்வதால். வலப்பக்கம் சாய்க்க வலது கைப்பிடியை முன்னே தள்ள வேண்டும். அப்போது முன் சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் திரும்பி, டயர் வண்டிக்கு அடியிலிருந்து இடப்பக்கம் நகர்கிறது. வண்டி வலப்பக்கம் சாய்ந்து அந்தப் பக்கம் திரும்புகிறது. நாம் எல்லோரும் அறியாமலே இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். அறிந்து செய்யப் பழகினால், வளைவு திடீரென்று இறுகும்போது உறைந்துபோகாமல் உள்பக்கக் கையை இன்னும் தள்ளலாம் என்பது கைக்குத் தெரியும்.

30 கி.மீ. வேகத்தில் நேரே போங்கள். வலது உள்ளங்கையால் மெல்ல முன்னே தள்ளுங்கள், வண்டி வலம் போகும். விடுங்கள். இடது. இதுவே பயிற்சி. பிறகு 10 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு, 20 கி.மீ. வேகத்தில், பார்வை வட்டத்தின் கால் பங்கு முன்னே இருக்கும்படி சுற்றுங்கள். ஆக்சிலரேட்டர் ஒரே சீராக இருக்கட்டும். திடீரென மூடினால் வண்டி வட்டத்தை விட்டு நெளிவதை நீங்களே உணரலாம்.

சாலை வளைவில் வரிசை எப்போதும் ஒன்றே: வளைவுக்கு முன் நேராக இருக்கும்போதே பிரேக், கியர், பிறகு பார்வை, பிறகு கைப்பிடித் தள்ளல், கடைசியில் மெல்ல ஆக்சிலரேட்டர். சாலையின் இரு ஓரங்களும் தொலைவில் ஒன்றுசேர்வது போல் தெரியும் புள்ளியைக் கவனியுங்கள். அது உங்களை நோக்கி நெருங்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறையுங்கள். விலகிப் போனால் வளைவு விரிகிறது. வெளிநாட்டுப் பாடங்களில் இடது வளைவுக்கு நடுக்கோட்டை ஒட்டிப் போனால் தொலைவு தெரியும் என்று சொல்வார்கள். எதிரே வரும் பஸ் நடுக்கோட்டைத் தாண்டி வெட்டும் நம் சாலைகளில் அது ஆபத்து. உங்கள் பாதையின் நடுவிலேயே இருங்கள். தொலைவு தெரியாததற்கு ஈடாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வலது வளைவில் இடது ஓர மணலுக்குள் ஒதுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திடீர் விலகலுக்கு ஒரு பாட்டிலைத் தடையாக வைத்து, 30 கி.மீ. வேகத்தில் வந்து, 8 மீட்டருக்கு முன் ஒரு பக்கம் தள்ளல், தாண்டியதும் மறுபக்கம் தள்ளல். உடல் நிமிர்ந்தே இருக்க, வண்டி மட்டும் அடியில் சாய வேண்டும். விலகும்போது பிரேக்கைத் தொடாதீர்கள். பிரேக் வேண்டுமென்றால் விலகலுக்கு முன் அல்லது பின், நேராக இருக்கும்போது. ஆனாலும் நெரிசலான சாலையில் விலகலைவிடப் பிரேக்கையே முதலில் நம்புங்கள். எருமைக்கு விலகி, பின்னால் வரும் டிப்பருக்கு முன் போய்ச் சேருவதில் பயனில்லை.

சாலையில் பழக வேண்டியவை

முன்னே போகும் வண்டி ஒரு மின்கம்பத்தைத் தாண்டியதும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று சொல்லிப் பாருங்கள். சொல்லி முடிக்கும் முன் நீங்கள் அந்தக் கம்பத்தை அடைந்தால் நெருங்கிப் போகிறீர்கள். மழையில் இந்த எண்ணிக்கையை இரட்டிப்பாக்குங்கள். இடைவெளி விட்டால் யாராவது நுழைவார்கள் என்பது உண்மை. நுழையட்டும்; ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் இடைவெளி மறுபடி கிடைத்துவிடும்.

பக்கச் சாலையில் நிற்கும் காரின் டிரைவர் உங்களைப் பார்ப்பது போல் தோன்றினாலும் நம்பாதீர்கள். அந்தக் காரின் முன் சக்கரத்தைப் பாருங்கள். வண்டி நகரப் போவதை முதலில் காட்டுவது அதுதான். பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே நுழையவே கூடாது. பயணிகள் இறங்குவார்கள், பஸ் ஓரம் கட்டும். இடப்பக்கம் திரும்பும் நீள லாரியின் பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன தடத்தில் போகாது, உள்ளே வெட்டி வரும். அந்த இடைவெளியில் சிக்குவது உயிருக்கே ஆபத்து. ஷேர் ஆட்டோ கைகாட்டும் பயணிக்காக எந்த இடத்திலும் நிற்கும். சாலையோரம் கை நீட்டி யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாலே அது நிற்கப் போவது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

நாற்கர நெடுஞ்சாலையில் மூன்று இடங்களில் வேகத்தைக் குறையுங்கள். மீடியன் இடைவெளி, பெட்ரோல் பங்க் வாசல், சர்வீஸ் சாலை வந்து சேரும் இடம். எதிர்த் திசையில் வரும் வண்டிகள் இடது ஓரத்தை ஒட்டியே வரும், விளக்கில்லாத லாரிகளும் அங்கேதான் நிற்கும். அதனால் இரவில் கடைசி இடது ஓரம் பாதுகாப்பான இடமல்ல.

வெள்ளைக் கோடு இல்லாத வேகத்தடை திடீரென்று தெரிந்தால் அதற்கு முன் பலமாகப் பிரேக் பிடித்து, ஏறும் கணத்தில் பிரேக்கை விட்டுவிட வேண்டும். பிடித்தபடியே ஏறினால் ஏற்கெனவே அமுங்கிய ஃபோர்க் அதிர்ச்சியைத் தாங்காது, ஹேண்டில் கையை விட்டு உதறும். ஃபுட்ரெஸ்ட்டில் சற்று எழுந்து நின்றால் வண்டி உங்களுக்குக் கீழே ஆடிவிட்டுப் போகும்.

மழை, இரவு, காற்று

நீண்ட வெயிலுக்குப் பின் வரும் மழையின் முதல் சில நிமிடங்கள்தான் மிக மோசமானவை. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரில் மிதந்து வழவழப்பாகும். முடிந்தால் அந்த நேரம் ஒதுங்கி நில்லுங்கள். ஜீப்ரா கோட்டுப் பெயின்ட், பாதாளச் சாக்கடை மூடி, ரயில்வே கேட் தண்டவாளம் இவற்றின் மேல் சாயவும் கூடாது, பிரேக்கும் கூடாது. தண்டவாளத்தை முடிந்தவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும். தேங்கிய நீரில் இறங்கி வெளியே வந்தபின் டிரம் பிரேக் பிடிக்காது. லேசாகப் பிடித்தபடி சிறிது தூரம் ஓட்டினால் காய்ந்துவிடும்.

இரவில் உங்கள் விளக்கு எவ்வளவு தூரம் காட்டுகிறது என்பதை ஒருமுறை அளந்துவிடுங்கள். அந்தப் பயிற்சி மைதானத்திலேயே, கருப்புத் துணி போர்த்திய பாட்டில் ஒன்றை வைத்து, டிம் வெளிச்சத்தில் மெதுவாக நெருங்கி, கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் நின்று தூரத்தை அளங்கள். 35 மீட்டர் என்று வந்தால், மேலே சொன்ன கணக்குப்படி 60 கி.மீ. வேகத்தில் அதன் மேல் மோதிவிட்டுத்தான் நிற்பீர்கள். எதிர் வண்டி பிரைட் போட்டு வந்தால் அந்த விளக்கைப் பார்க்காமல் உங்கள் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பார்த்து, வேகத்தைக் குறைத்துப் போங்கள்.

பக்கக் காற்றுக்குப் பெயர்போன இடம் ஆரல்வாய்மொழிக் கணவாய். முப்பந்தல் காற்றாலைகளின் நடுவே போகும்போது வண்டி ஒரு பக்கமாகவே தள்ளப்படும். டேங்க்கை முழங்காலால் இறுக்கி, கையைத் தளர்த்தி, காற்று வரும் பக்கத்துக் கைப்பிடியை மெல்ல முன்னே தள்ளியபடி ஓட்டுங்கள். பெரிய லாரியைத் தாண்டும்போது முதலில் காற்று நின்றுபோகும், தாண்டியதும் ஓங்கி அறையும். அதற்குத் தயாராக இருந்து, லாரியிலிருந்து ஒரு கார் அகலமாவது விலகியே கடக்க வேண்டும்.

மலைப்பாதை

மைதானப் பயிற்சி எல்லாம் கைவந்தபின் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் தொடங்கலாம். அடுத்து ஆழியாரிலிருந்து வால்பாறை போகும் 40 வளைவுகள். கொல்லிமலையின் 70 வளைவுகள் நெருக்கமாக வருபவை. உடம்பு களைத்துப்போகும், கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறும்போது இடது கொண்டை ஊசி வளைவுதான் கடினம். உள்பக்கம் செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும். வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள்; நடுவில் இன்ஜின் நின்றால் வண்டி பின்னுக்கு உருண்டு விழும். மைதானத்தில் போட்ட யூ டர்ன் இங்கேதான் உதவும்: தலையைத் தோளுக்கு மேல் திருப்பி அடுத்த சாலைத் துண்டைப் பார்ப்பது. மேலே பஸ் இறங்கி வருவது தெரிந்தால் வளைவுக்கு வெளியேயே நின்று வழிவிடுங்கள், அதற்கு முழு அகலமும் வேண்டும்.

இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். நியூட்ரலில் இறங்குவதும், பெட்ரோல் மிச்சமாகும் என்று இன்ஜினை அணைத்து இறங்குவதும் உயிரோடு விளையாடுவது. இன்ஜின் பிடிக்காத வண்டியைப் பிரேக் மட்டுமே தாங்க வேண்டியிருக்கும், டிரம் சூடேறிப் பிடிப்பு குறைந்துகொண்டே வரும். பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே இறங்காமல், வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து, பிறகு முழுதாக விட்டுவிட வேண்டும். லீவர் வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ கருகிய வாசனை வந்தாலோ ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். டிஸ்க்கின் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வளைந்துபோகும். குறுகிய இடத்தில் எதிரெதிரே வந்தால் ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை.

பின்னால் ஒருவர் உட்கார்ந்தால்

பின் டயர் காற்றைக் கையேட்டில் இருவருக்குச் சொன்ன அளவுக்கு ஏற்றுங்கள். எடை கூடுவதால் பின் சக்கரத்தின் பிடிப்பு கூடும். பின் பிரேக்கை வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகப் பயன்படுத்தலாம். பிரேக் பிடிக்கும்போது அவர் முன்னே சரிந்து உங்கள் முதுகில் சாய்வார், உங்கள் கை ஹேண்டிலில் அழுந்தும்; முழங்கால் பிடி இல்லையென்றால் வண்டி தள்ளாடும். வளைவில் உங்கள் தோளுக்கு மேல், வளைவு போகும் பக்கமாகப் பார்க்கச் சொல்லுங்கள். உடல் தானாகச் சரியாகச் சாயும். துப்பட்டா, புடவைத் தலைப்பை முன்னே சுருட்டி மடியில் வைத்துக்கொண்டபின்தான் வண்டி நகர வேண்டும். ஒருபக்கமாக உட்காருபவரோடு போனால் திருப்பத்தில் வேகம் இன்னும் குறையட்டும். மேலே சொன்ன 20, 30 கி.மீ. பிரேக் பயிற்சியை, அவரும் ஹெல்மெட் போட்டிருக்க, ஒருமுறை சேர்ந்தே செய்யுங்கள்.

எத்தனை நாள், என்ன வரிசை

வாரம் இரண்டு முறை, ஒரு முறைக்கு 45 நிமிடம், ஆறு வாரம். முதல் இரண்டு வாரம் மெதுவோட்டமும் யூ டர்னும். மூன்று, நான்காம் வாரம் முழுக்கப் பிரேக். ஐந்தாம் வாரம் தள்ளலும் வட்டமும் விலகலும். ஆறாம் வாரம் எல்லாம் கலந்து, தரையில் தண்ணீர் தெளித்து 20 கி.மீ. வேகத்தில் ஈரப் பிரேக்கும். களைத்தபின் தொடராதீர்கள், தவறுகளே பழகும். அளந்த தூரங்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இதற்கு மேல் கற்க விரும்புகிறவர்கள், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் நடக்கும் பயிற்சி வகுப்புகளைப் பார்க்கலாம். கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் அங்கே வகுப்புகள் நடத்தியிருக்கிறது. வளைவுக்கு அது சிறந்த இடம்; ஆனால் நகரச் சாலையின் பஸ்ஸையும் பள்ளத்தையும் கையாள மேலே உள்ள மைதானப் பாடமே அடிப்படை.

புது டயர் போட்டால் முதல் 100 கி.மீ. அதிகம் சாய்க்காமல், வெடுக்கென்று பிரேக் பிடிக்காமல் ஓட்டுங்கள். டயர், பிரேக் பேட், வண்டி எது மாறினாலும், சில மாதம் ஓட்டாமல் இருந்துவிட்டுத் திரும்ப வந்தாலும், 30 கி.மீ. பிரேக் தூரத்தை மறுபடி அளந்து நோட்டில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஒரு மீட்டருக்கு மேல் கூடியிருந்தால் முதலில் டயர் காற்றையும் பிரேக்கையும் பார்த்துவிட்டு, அவை சரியாக இருந்தால் மூன்றாம் வாரப் பயிற்சியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.